கேக்கோடு வந்த பீங்கான்

மார்ச் 4, 2025. செவ்வாய்

பகல் முழுக்கப் பனி உருகியது. நடைபாதையில் உப்பும் சேறும். மாதப் பத்திரிகைக்குக் கொடுக்க வேண்டிய கட்டுரை அரைவாசியில் நிற்கிறது.

மனைவி ஜசிந்தா வேலை முடிந்து ஐந்தரைக்கு வந்தாள். கையில் ஈயத்தாள் மூடிய ஒரு பீங்கான் தட்டு. மடாம் டுவால் கொடுத்துவிட்ட கேக். நாளை விபூதிப் புதன். நாற்பது நாள் தபசு நோன்பு தொடங்குமுன் இனிப்பைத் தின்று முடிக்கும் வழக்கம் கியூபெக் ஆட்களுக்கும் இருக்கிறது.

மடாமுக்குத் தொண்ணூற்றொரு வயது. கர்க்லாண்டில் தனி வீடு. மகள் கிளேர் லவாலில் இருக்கிறாள். வெள்ளிக்கிழமைகளில் வந்து போவாள். ஜசிந்தா கிழமையில் நாலு நாள் போய்க் குளிப்பாட்டி, சமைத்து, மருந்து கொடுத்து வருகிறாள். எட்டு வருடமாகிறது. அங்கு நடந்ததை வந்து சொல்லும்போது முன்பெல்லாம் "கிழவி" என்பாள். இப்போது "அவ" என்கிறாள்.

கேக் நல்ல ஈரம், தோடம்பழ வாசம். இரண்டு துண்டு தின்றேன். கேக் குறையக் குறைய அடியில் ஒரு படம் தெரிந்தது.

"இது சாப்பாட்டு அறை அலுமாரிக்கை இருக்கிற பீங்கான். நான் வேண்டாமெண்டனான். 'பீங்கான் எண்டால் சாப்பிடத்தானே' எண்டு அவதான் எடுத்து வைச்சவ. நாலு இருக்குது. மெல்லமா, கரண்டியாலை சுறண்டாதேங்கோ."

மார்ச் 5, புதன்

நெற்றியில் சாம்பல். இரவுச் சாப்பாடு கஞ்சி மட்டும்.

பீங்கானைக் கழுவித் துடைத்து மேல் தட்டில் வைத்திருக்கிறாள். நாளைக்கே கொண்டுபோய்க் கொடுக்கலாமே என்றேன்.

"வெறும் பீங்கானையோ? அந்த மனிசி கேக் வைச்சுத் தந்தவ."

"அப்ப டெப்பனர் கடையிலை ஒரு பிஸ்கற் பெட்டி வாங்கி வை."

"கடையிலை வாங்கி வைச்சுக் குடுக்கிறதும் குடுக்காமல் விடுறதும் ஒண்டு. சூசையப்பர் திருநாளுக்குப் பயற்றம் பணியாரம் சுடுவன். அண்டைக்கு மட்டும்தான் தபசிலை விலக்கு. அதுவரைக்கும் இருக்கட்டும்."

சூசையப்பர் திருநாள் பத்தொன்பதாம் திகதி. தபசில் எங்கள் வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறாது. அது அவளுடைய அம்மா வீட்டுச் சட்டம். முப்பத்தேழு வருடத்தில் நான் அதற்கு ஒரு திருத்தமும் கொண்டு வந்ததில்லை.

அவள் செபமாலை சொல்லும் நேரத்தில் பீங்கானை இறக்கிப் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். நடுவில் ஒரு கேடயம், மேலிருந்து கீழாக இரண்டு பாதி. இடப்பக்கம் மூன்று மீன்கள். வலப்பக்கம் ஒரு கோபுரம். உச்சியில் ஒரு பறவை – கொக்கா, நாரையா? விளிம்பில் பொன்பூச்சு, கை பட்டுப் பட்டுத் தேய்ந்திருக்கிறது. அடியில் முத்திரை ஒன்றும் இல்லை.

கோபுரத்துக்குப் பின்னால் ஒரு நிறமும் பூசவில்லை. வெள்ளையாக விட்டு, அதற்குள் கடுகளவில் நாலைந்து எழுத்து. எழுத்துத்தானா?

மார்ச் 7, வெள்ளி

பெர்ரி தெரு நூலகத்தில் பத்திலிருந்து மூன்று வரை இருந்தேன். கட்டுரைக்கு என்று சொல்லிக்கொண்டு போனேன். கட்டுரையைத் திறக்கவேயில்லை.

பீங்கான் சீனாவில் செய்தது. பதினெட்டாம் நூற்றாண்டாக இருக்கலாம். அந்தக் காலத்தில் ஐரோப்பாவின் வசதியான குடும்பங்கள் தங்கள் குலச்சின்னத்தைத் தாளில் வரைந்து கப்பலில் கன்ரன் துறைமுகத்துக்கு அனுப்பியிருக்கின்றன. அங்கே சித்திரக்காரர் அதைப் பார்த்து அப்படியே பீங்கானில் வரைந்து அனுப்புவார். போய் வர இரண்டு வருடம், சிலவேளை மூன்று. பிரெஞ்சுக்காரர் இதற்கு வைத்த பெயர் இந்தியக் கொம்பனிப் பீங்கான். பெயரில் இந்தியா. செய்தது சீனா. குடும்பம் ஐரோப்பாவில் எங்கோ. இருப்பது எங்கள் அடுப்படியில்.

கேடயம் இரண்டு பாதியாக இருந்தால் அது ஒரு கலியாணம். பார்ப்பவருக்கு இடப்பக்கம் மாப்பிள்ளை வீடு, வலப்பக்கம் பெண் வீடு. கலியாணத்துக்கென்று சொல்லி அனுப்பினால் முதல் பிள்ளை நடக்கத் தொடங்கும்போது பீங்கான் வந்திருக்கும். சிலருக்கு அது வந்தபோது பெண் உயிரோடு இருந்திருக்க மாட்டாள். (இது என் ஊகம். எங்கும் வாசிக்கவில்லை.)

எனக்கு ஜசிந்தாவை ஊரிலிருந்து இங்கே எடுப்பிக்க மூன்று வருடம் சென்றது. விமான நிலையத்தில் அவளை எனக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. அதை இன்றுவரை அவளுக்குச் சொல்லவில்லை.

அந்த எழுத்து – ஒரு புத்தகத்தில் விளக்கம் கிடைத்தது. தாளில் நிறம் பூச நேரமில்லாதவர்கள் "இங்கே சிவப்பு", "இங்கே பச்சை" என்று எழுதி அனுப்புவார்களாம். அந்த மொழி தெரியாத சித்திரக்காரர் சிலர், அதுவும் சின்னத்தின் பகுதி என்று நினைத்துச் சொல்லையே வரைந்துவிட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து மறுபடி பார்த்தேன். ரூஜ். சிவப்பு. சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக நிற்கிறது, நடுவில் சிவப்பு என்ற சொல் மட்டும்.

தனியே இருந்து சிரித்தேன். 1984இல் ஊரில், நான் வேலை செய்த பத்திரிகையில் ஒரு மரண அறிவித்தல் வந்தது: "திரு. கந்தப்பிள்ளை எழுத்துச் சரியோ எனக் கேட்கவும் அவர்கள் காலமானார்." பென்சிலால் ஓரத்தில் எழுதியது நான். அச்சுக் கோத்தவர், கொடுத்ததைக் கோத்தார். அடுத்த நாள் அந்த வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டதும் நான்தான்.

யாருடைய மீன்? யாருடைய கோபுரம்? புத்தகங்களில் இல்லை.

மார்ச் 10, திங்கள்

யாருடைய கோபுரம்?

மார்ச் 12, புதன்

இன்று செய்ததைச் செய்தபடியே எழுதிவைக்கிறேன்.

ஜசிந்தா வேலைக்குப் போனபின் பீங்கானை அவளுடைய கம்பளிச் சால்வையில் சுற்றிப் பையில் வைத்தேன். ஒன்றி-புறாசாவில் மெற்றோ ஏறி லியோனல்-குறூவில் இறங்கினேன். பை முழுநேரமும் மடியில். நோத்ர-டாம் தெருவில் பழம்பொருள் கடை ஒன்று. கடைக்காரருக்கு எழுபது வயதிருக்கும். நல்ல மனிதர். பீங்கானைத் தொடுமுன் கைகழுவிவிட்டு வந்தார்.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அந்தச் சொல்லை விரலால் மூடினார், எடுத்தார். முகம் கொஞ்சம் மாறியது.

"இது உங்களுக்கு எங்கிருந்து கிடைத்தது?"

"அதைச் சொல்ல முடியாது" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? மடாமின் பெயரைச் சொல்லியிருக்கலாம். மனைவி வேலை செய்யும் இடம் என்று சொல்லியிருக்கலாம். "எங்கிருந்து கிடைத்தது" என்று யார் கேட்டாலும் என் வாய் தானாகவே அந்தப் பதிலைத்தான் சொல்லும். முப்பத்தெட்டு வருடப் பத்திரிகை வேலையில், செய்தி தந்தவரைக் காக்க அதைச் சொன்ன வாய். ஊரில் இராணுவ முகாமில் கேட்டபோதும் சொன்னது.

படம் எடுக்கலாமா என்று கேட்டார். ஓம் என்றேன். யாருடைய சின்னம் என்று அவருக்கும் தெரியவில்லை. தேடிச் சொல்வதாகச் சொன்னார். என் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மூன்று மணிக்குப் பீங்கான் மேல் தட்டில் பழைய இடத்தில். சால்வை கொழுவியில். ஜசிந்தாவுக்குச் சொல்லவில்லை. பத்தொன்பதாம் திகதி விவரம் எல்லாம் சேர்த்துச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

மார்ச் 14, வெள்ளி

பதினொன்றரைக்கு ஜசிந்தா வீட்டுக்கு வந்துவிட்டாள். ஜக்கெற்றைக் கழற்றவில்லை. கதவடியில் நின்றபடியே கேட்டாள்.

"அந்தப் பீங்கானை நீங்கள் எங்கையாவது கொண்டு போனனீங்களோ?"

சொன்னேன்.

நடந்தது இது. மடாமின் கணவர் இருந்த காலத்தில், காப்புறுதிக்காக அந்த நாலு பீங்கான்களையும் பார்த்து எழுதிக் கொடுத்தவர் அதே கடைக்காரர். அந்தச் சொல்லோடு அவர் பார்த்தது அந்த நாலும்தான். கிளேருக்கு அழைத்து, ஒருவர் கொண்டுவந்தார், எங்கிருந்து என்று சொல்ல மறுத்தார் என்று சொல்லியிருக்கிறார். அவரில் பிழை இல்லை. நானாக இருந்தாலும் அழைத்திருப்பேன்.

இன்று காலை கிளேர் ஜசிந்தாவிடம் போனில் படத்தைக் காட்டினாள். பீங்கானுக்குப் பக்கத்தில் என் கை, மோதிரத்தோடு.

"பீங்கான் எங்களிட்டை இருக்குதெண்டன். உங்கடை அம்மா கேக் வைச்சுத் தந்தவ எண்டன். கிளேர் தாயைக் கேட்டாள். அவ 'நான் ஏன் அதை எடுத்துக் குடுக்கப்போறன்' எண்டுட்டா. அவவுக்கு நினைவில்லை, அது எனக்கு விளங்குது. அப்ப ஏன் கடைக்குப் போச்சுது எண்டு கேட்டாள். எனக்கே தெரியாததுக்கு நான் என்னத்தைச் சொல்ல? வாயைப் பாத்துக்கொண்டு நிண்டனான், இஞ்சாருங்கோ. கள்ளி மாதிரி."

அப்போதுதான் ஜக்கெற்றைக் கழற்றினாள்.

ஐந்து மணிக்குக் கிளேர் காரில் வந்தாள். உள்ளே வரவில்லை. ஜசிந்தா பீங்கானைப் புதுத் துவாயில் சுற்றி இரண்டு கையாலும் நீட்டினாள். கிளேர் நன்றி சொன்னாள். திங்கள் முதல் வேறு ஒருவர் வருவதாகச் சொன்னாள். நான் அவளோடு பேசப் படியில் இறங்கினேன். ஜசிந்தா என் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

கதவைச் சாத்திய பிறகுதான் அழுதாள்.

"வெறும் பீங்கானாப் போகுது" என்றாள்.

மார்ச் 15, சனி

ஜசிந்தாவிடமிருந்து தேத்தண்ணீர் மட்டும் நேரத்துக்கு வந்தது.

மார்ச் 16, ஞாயிறு

லவாலிலிருந்து மகன் டனிஸ்ரன் அழைத்தான். அம்மா சொல்லியிருக்கிறாள்.

"அப்பா, ஒரு பீங்கானுக்கோ சோர்ஸைக் காப்பாத்தினீங்கள்?"

அவன் சிரிக்கவில்லை. பிறகு, "அம்மா சாப்பிடுறாவோ?" என்று கேட்டான்.

மார்ச் 19, புதன். சூசையப்பர் திருநாள்

எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை. பயற்றம் மா டப்பாவோடு அப்படியே இருக்கிறது.

சூசையப்பர் கோயிலுக்கு இருவரும் போனோம். சனம் படியில் முழங்காலில் ஏறிக்கொண்டிருந்தது. ஜசிந்தா பக்கத்துப் படியால் நடந்து ஏறினாள். நான் இரண்டு படி பின்னால். இடையில் திரும்பி, "வியாழக்கிழமையளிலை அவவுக்குக் கால்நகம் வெட்டுறது. புது ஆளுக்கு ஆர் சொல்லியிருப்பினம்?" என்றாள். ஐந்து நாளில் என்னோடு பேசிய முதல் வசனம்.

மார்ச் 21, வெள்ளி

பத்திரிகையில் பிழை விட்டால் திருத்தம் போட வேண்டும். எந்தத் திகதி, என்ன சொன்னோம், உண்மை என்ன. காரணம் சொல்லி இழுக்கக் கூடாது. இளம் நிருபர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்தது.

கிளேருக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதினேன். காலையிலிருந்து ஐந்து தடவை. மார்ச் 4ஆம் திகதி கேக் வந்தது. ஏன் பீங்கானை உடனே திருப்பவில்லை. தபசு என்றால் எங்கள் வீட்டில் என்ன. 12ஆம் திகதி யாருக்கும் சொல்லாமல் கொண்டுபோனது நான். எத்தனை மணிக்கு எடுத்தேன், எத்தனை மணிக்குத் திருப்பி வைத்தேன். கடைக்காரர் என்ன கேட்டார், நான் என்ன பதில் சொன்னேன். என் மனைவிக்கு அது தெரியாது, 14ஆம் திகதி உங்கள் வாயால்தான் முதலில் தெரிந்துகொண்டாள். இவ்வளவும் ஒரு பக்கம்.

கடைசியில் ஜசிந்தாவைப் பற்றி ஒரு பந்தி. எட்டு வருடம், ஒரு நாள் பிந்தியதில்லை, பனிப்புயலிலும் போனவள் என்று.

அனுப்புமுன் அவளுக்கு வாசித்துத் தமிழில் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டு கேட்டாள்.

"கடைசிப் பந்தியை வெட்டுங்கோ."

"ஏன்? அது உண்மைதானே?"

"நான் நல்லவளெண்டு நீங்கள் எழுதித்தானோ கிளேர் அறிய வேணும்? எட்டு வருசமாக் கண்டவள். நீங்கள் செய்ததை மட்டும் சொல்லுங்கோ."

வெட்டினேன். எந்த ஆசிரியரும் என் எழுத்தில் இவ்வளவு சரியான இடத்தில் வெட்டியதில்லை. மூன்று மணிக்குத் தபாலில் போட்டேன்.

மார்ச் 27, வியாழன்

பதில் இல்லை.

ஜசிந்தா ஏழு மணிக்கே எழும்பி உடுத்துவிட்டாள். பிறகு கதிரையில் இருந்து சப்பாத்தைக் கழற்றினாள்.

மார்ச் 29, சனி

பத்து மணிக்குக் கிளேரின் அழைப்பு. ஜசிந்தா போனை ஒலிபெருக்கியில் போட்டு மேசையில் வைத்தாள், நானும் கேட்கட்டும் என்று.

கடிதம் செவ்வாய்க்கிழமையே கிடைத்ததாம். வாசித்தாளாம். நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை, அதனால் பதில் எழுதவில்லை என்றாள். நேற்று இரவு, புதிதாக வேலைக்கு வந்த பெண் பயந்துபோய் அழைத்திருக்கிறாள். மடாம் அவளுக்கு 'அப்பிள் பை' என்ற இனிப்பைக் கொடுத்துவிட்டிருக்கிறார், வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பிடு என்று. வீட்டில் போய்ப் பார்த்தால், அது இருப்பது சாப்பாட்டு அறை அலுமாரிப் பீங்கானில். மூன்று மீன், ஒரு கோபுரம்.

கிளேர் இதைச் சொல்லிவிட்டு, "நான் உங்களிடம் கேட்ட விதம் பிழை, ஜசிந்தா" என்றாள்.

ஜசிந்தா சேலைத் தலைப்பால் மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். மேசையில் ஒன்றும் சிந்தியிருக்கவில்லை.

"அவ மெலிஞ்சிட்டாவோ?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"கொஞ்சம்" என்றாள் கிளேர்.

"உப்பில்லாமச் சமைச்சிருப்பினம்" என்று தமிழில் எனக்குச் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை வர முடியுமா என்று கிளேர் கேட்டாள். வருவேன், ஆனால் மனிசனையும் கூட்டிக்கொண்டு வருவேன் என்றாள் ஜசிந்தா. என்னைக் கேட்கவில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

கர்க்லாண்ட். எட்டு வருடத்தில் அந்த வீட்டுக்குள் நான் போனது இதுதான் முதல் தடவை.

மடாம் ஜன்னலடியில் இருந்தார். ஜசிந்தாவைக் கண்டதும் கையைப் பிடித்து, எங்கே போனாய், உன் காய்ச்சல் மாறிவிட்டதா என்று கேட்டார். காய்ச்சல் என்று கிளேர் சொல்லியிருந்தாளா, தானாக நினைத்தாரா தெரியாது. ஜசிந்தா "மாறிட்டுது" என்றாள்.

நான் கிளேரின் முன்னால் மன்னிப்புக் கேட்டேன். மடாமிடமும் கேட்டேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்து ஏதோ சொன்னார். ஜசிந்தா வாயைப் பொத்திச் சிரித்தாள்.

"என்னவாம்?"

"நீங்களோ அந்தப் பேப்பர்காரன் எண்டு கேக்கிறா. எல்லாச் சாப்பாட்டையும் ஆறவிட்டுத் தின்னுற ஆள்."

பீங்கான்கள் நாலும் அலுமாரியில் வரிசையாக இருந்தன. கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டேன். இது உங்கள் குடும்பத்துச் சின்னமா?

மடாம் உடனே பதில் சொன்னார். கேக் கொடுத்தது மறந்திருக்கிறது, இது மறக்கவில்லை. மாமனார் குழாய் பொருத்துகிறவர். ஒரு பெரிய வீட்டில் தண்ணீர் உறைந்து குழாய் வெடித்தபோது, கிறிஸ்மஸ் திருநாள் அன்று போய்ச் சரிசெய்து கொடுத்தாராம். அந்த வீட்டு அம்மா நன்றிக்குத் தந்தது இந்த நாலும். அந்த வீட்டுக்கு எங்கிருந்து வந்தது என்று மாமனார் கேட்கவில்லையாம்.

கிளேருக்கே அது தெரியாது. "அப்பா எங்களுடைய முன்னோரின் சின்னம் என்று சொன்னாரே" என்றாள்.

"உன் அப்பாவுக்கு அப்படிச் சொல்ல விருப்பம்" என்றார் மடாம். "எனக்கு அந்தப் பறவையைத்தான் பிடிக்கும்."

யாருடைய மீன், யாருடைய கோபுரம் என்று இனி நான் தேடப்போவதில்லை. கடைக்காரர் அழைத்தால் நன்றி சொல்லி வைத்துவிடுவேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு. உயிர்த்த ஞாயிறு

எண்ணெய்ச் சட்டி ஏறியது. வீடு முழுக்கப் பயற்றம் பணியாரம். டனிஸ்ரன் குடும்பத்தோடு வந்தான். பேரப்பிள்ளை பிரெஞ்சில் இன்னும் ஒன்று கேட்டது, ஜசிந்தா தமிழில் இல்லை என்றாள், கொடுத்துவிட்டாள்.

மே 6, செவ்வாய்

மடாம் படியில் கால் தவறி விழுந்துவிட்டார். முறிவு இல்லை. ஆனால் அந்த வீட்டில் இனி அவரைத் தனியே விட முடியாது என்று கிளேர் சொல்கிறாள். முதியோர் இல்லம் பார்க்கிறாள். லவாலில் ஒன்று, இங்கே அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில்லில் ஒன்று. தன் வீட்டுக்குக் கிட்ட என்றால் லவாலில்தான் எடுப்பாள்.

இல்லத்தில் அவர்களுடைய ஆட்களே பார்ப்பார்கள்; ஜசிந்தாவுக்கு அங்கே வேலை இல்லை. இரவு இரண்டு தடவை எழும்பித் தண்ணீர் குடித்தாள்.

மே 23, வெள்ளி

இல்லம் இங்கேதான். எங்கள் வீட்டிலிருந்து நடந்தால் பன்னிரண்டு நிமிடம். கிளேருக்கு லவாலிலிருந்து பாலம் தாண்டி வர வேண்டும்.

இன்று மடாமைக் கொண்டுவந்து விட்டார்கள். ஜசிந்தாவும் கூடப் போனாள். ஐந்து மணிக்கு வந்து, போனை எனக்கு முன்னால் வைத்தாள்.

"இல்லத்திலை ஒரு படிவம் நிரப்பினவை. கிளேர் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். பிழை கிழை இருந்தால் நாளைக்குச் சொல்லலாமாம். பாருங்கோவன்."

கண்ணாடியைப் போட்டேன். அவசரத்துக்கு யாரை அழைக்க வேண்டும் என்ற படிவம். முதலாவது பெயர் கிளேர், லவால் விலாசம். இரண்டாவது ஜசிந்தா. எங்கள் விலாசம் சரி. தபால் குறியீடு சரி. தொலைபேசி எண்ணை ஒவ்வொரு இலக்கமாகப் பார்த்தேன், சரி.

அதற்குக் கீழே, மடாமுக்கு இவர் என்ன உறவு என்று ஒரு கட்டம். கிளேர் நீல மையில் ஒரு சொல் எழுதியிருந்தாள். ஃபமீய். குடும்பம்.

ஜசிந்தா அடுப்படியில் அரிசி கழுவிக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் சரியோ?"

இன்னொரு தடவை பார்த்தேன்.

"ஓம்" என்றேன். "சரி."